நூற்று எண்பத்து நான்கு ட்யூப்லைட்டுகளைத் தேடி ஒரு நாள்

காலை 5.15. திருச்சி ஜங்ஷனில் ரயில் நிற்பதற்கு வெகுநேரம் முன்பே நான் கதவருகில் வந்து நின்றுவிட்டேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீட்டர். அதில் முந்நூறு கிலோமீட்டராவது விழித்துக்கொண்டே வந்திருப்பேன். இந்த ஊருக்கு ரயிலேறி வருகிறவர்கள் மலைக்கோட்டை பார்க்க வருவார்கள், ஸ்ரீரங்கத்தில் சேவிக்க வருவார்கள். நான் வந்தது பழைய ட்யூப்லைட்டுகளைத் தேடி.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர். அலுவலகக் கட்டடங்களில் பழைய விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. பொருத்துவது எங்கள் வேலை. மின்சாரம் மிச்சமாகும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்; கழற்றியது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. படிக்கும்போதே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பித்து. வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதத்தில், எங்கள் திட்ட ஆவணத்தின் கடைசியில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லி நச்சரித்தேன். யார் எத்தனை முறை பயணம் போனார்கள், என்ன பழைய பொருள் வெளியே வந்தது, அது எங்கே போய்ச் சேர்ந்தது. இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை வேலை ‘முடிந்தது’ என்று கையெழுத்துப் போடக்கூடாது. அலுவலகத்தில் அதற்குப் பச்சைப் பக்கம் என்று பெயர் வைத்தார்கள், பாதி கேலியாக.

“திருச்சி வேலையில மட்டும் போட்டுப் பாரு நித்யா,” என்றார் எங்கள் மேனேஜர் ராகவன் சார். “ஒரு நாள் தள்ளிப் போனாலும் அந்தப் பக்கத்தை எடுத்துடுவேன். ஒழுங்கா முடிஞ்சா, அடுத்து வர்ற நாப்பது ஆபீஸ் வேலையிலயும் போடலாம்.”

திருச்சி வேலை என்பது சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு நான்கு மாடி அலுவலகம். அங்கே கழற்றியவை நூற்று எண்பத்து நான்கு ட்யூப்லைட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் துளி பாதரசம் இருக்கிறது, குப்பையில் போடக்கூடாது. மாதத்துக்கு ஒரு முறை வரும் மறுசுழற்சி வண்டி அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் துவாக்குடியில் எங்கள் ஒப்பந்தக்காரரின் ஷெட்டுக்கு வருகிறது. நான்கு மணிக்கு வாடிக்கையாளரோடு இறுதிக் கூட்டம், போனில். ரசீதைக் காட்டினால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு சிக்கல். லைட்டெல்லாம் ஷெட்டில் இருக்கிறதா என்று மூன்று நாள் முன்பு ஒப்பந்தக்காரர் சிவக்குமாரிடம் கேட்டிருந்தேன். ‘எல்லாம் போயிடுச்சு மேடம்’ என்று செய்தி வந்தது. எங்கே போயிடுச்சு என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

6.40. ஒரு டீ (பதினைந்து ரூபாய், சர்க்கரை அதிகம்) குடித்துவிட்டுத் துவாக்குடி பஸ் ஏறினேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கல்லூரி மாணவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். நான் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்டக்டரிடம் துவாக்குடி வந்துவிட்டதா என்று கேட்டேன்.

“வந்தா நானே சொல்றேன்மா,” என்றார் அவர். “பரீட்சையா?”

“அந்த மாதிரிதாங்க.”

8.30. சிறு பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் சிவக்குமாரின் ஷெட். அவர் ஸ்கூட்டரில் வந்து என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

“மேடம், நீங்க நேர்லயே வருவீங்கன்னு நினைக்கலையே.”

“லைட் எங்கங்க?”

“போயிடுச்சுன்னு மெசேஜ் போட்டேனே.”

“எங்க போச்சு?”

ஹெல்மெட்டைக் கழற்றினார். “ஸ்ரீரங்கத்துல ஆரோக்கியசாமின்னு நம்ம ஃப்ரெண்டு, சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்காரு. கழட்டறப்ப வந்து பார்த்தாரு. எல்லாமே நல்லா எரியுதேன்னு ஏத்திட்டுப் போயிட்டாரு. குப்பைக்குத்தானே போகுது மேடம், அதான் குடுத்துட்டேன்.”

 மறுசுழற்சி வண்டி வர இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது. தானும் வருகிறேன் என்றார். ஆனால் அவருக்குத் திருவெறும்பூரில் வேறு வேலை இருந்தது. முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

10.50. சத்திரத்தில் இறங்கி, தனியார் பஸ்ஸில் பத்து ரூபாய் கொடுத்து ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். நான் கைபேசியில் மணி பார்த்தேன். இவ்வளவு அழகான இடத்தை இவ்வளவு எரிச்சலோடு கடந்தவள் நானாகத்தான் இருக்கும்.

ஆரோக்கியசாமியின் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், கையில் டெஸ்டர். கோயில், மாதா தேர், கல்யாணம் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அவர் செட்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“குடுத்ததைத் திருப்பிக் கேட்கறீங்களா?”

“தப்பா குடுத்துட்டாங்க சார். அது மறுசுழற்சிக்குப் போகணும்.”

“வாங்க, காட்டறேன்.”

தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒன்றாக எங்கள் ட்யூப்லைட்டுகள் கட்டியிருந்தன. கோடி வீட்டில் மறுநாள் கல்யாணம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எண்ணினேன். அறுபத்து நான்கு. மீதி நூற்று இருபதும் கடைப் பரணில் இருக்கிறது என்றார்.

“இதைக் கழட்டிடலாங்களா? கழட்டிட்டு நீங்களே அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிடுங்க, உங்க தெரு இருட்டா இருக்கும்னு.”

மீதி நூற்று இருபதையும் காட்டச் சொன்னேன். கடைக்குப் பின்னால் போனபோதுதான் அதைப் பார்த்தேன். சுவரோரம் உடைந்த ட்யூப்களின் குவியல், பல வருடமாகச் சேர்ந்தது. அதற்கு இரண்டடி தள்ளி வாய்க்கால். நான் பயந்தது சரிதான் என்பதில் ஒரு திருப்தி வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது. பாதரசத்தைப் பற்றிக் கடகடவென்று சொன்னேன். தண்ணீரில் கலந்தால் மீனுக்குப் போகும், மீனிலிருந்து நமக்கு வரும் என்றேன்.

“பதினெட்டு வருஷமா இதுலதான் பொழப்பு,” என்றார் ஆரோக்கியசாமி. “ஒருத்தரும் சொன்னதில்லை.” குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சரிங்க, ஒண்ணு கேட்கறேன். நூத்தி எண்பத்துநாலையும் நான் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட ஃப்யூஸ் இல்லை. இவ்ளோ வெவரம் தெரிஞ்ச நீங்க, நல்லா எரிஞ்சதை எதுக்குக் கழட்டுனீங்க?”

எல்.இ.டி.யில் கரண்ட் மிச்சம் என்றேன்.

“மிச்சம்தான். அப்ப ஃப்யூஸ் ஆக ஆக மாத்தியிருக்கலாமே. ஒரே நாள்ல அத்தனையும் கழட்டிட்டு, இப்ப எங்கே போச்சுன்னு ஊர் ஊரா தேடறீங்க.”

 என் பச்சைப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை.

12.45. நூற்று இருபதையும் அவரே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். உடைந்த குவியலையும் கொண்டுபோகிறேன் என்றேன். கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டி, ஈரத் துணியோடு இரண்டு பேருமாக மூடி போட்ட மூன்று டிரம்களில் அள்ளினோம். கல்யாணம் முடிந்ததும் அறுபத்து நான்கையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொன்றாக ஃப்யூஸ் ஆகும்போது சிவக்குமார் ஷெட்டில் சேர்ப்பதாகச் சொன்னார். துவாக்குடிக்கு லோடு ஆட்டோ ஆயிரத்து இருநூறு ரூபாய். என் பச்சைப் பக்கத்தில் முதல் கேள்வி பயணங்களைப் பற்றியது. இந்த இருபத்தைந்து கிலோமீட்டரையும் நானே அதில் ஏற்ற வேண்டும்.

“என்னங்க லோடு?” என்றார் டிரைவர்.

“ட்யூப்லைட். கொஞ்சம் மெதுவா போங்க.”

“புதுசா?”

“பழசு.”

“புதுசு ஏத்துறவங்களே ஒரு தடவைதாங்க மெதுவான்னு சொல்வாங்க,” என்றார் பால்பண்ணைப் பக்கம் வரும்போது. “நீங்க இதோட ஏழு தடவை.”

2.10. மறுசுழற்சி வண்டி வந்து நின்றிருந்தது. வண்டிக்காரர் முழு ட்யூப்களை எண்ணினார். நூற்று இருபது, சரி. டிரம்களைத் திறந்து பார்த்து மூடினார். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “உடைஞ்சதை எண்ண முடியாது மேடம். நீங்க சொல்ற எண்ணிக்கையைத்தான் போடணும். மொத்தம் எவ்ளோன்னு போட?” என்றார்.

சிவக்குமார் அதற்குள் வந்திருந்தார். என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், “உடைஞ்சது அறுபத்துநாலுன்னு சொல்லிடுங்க மேடம். கூட்டினா கரெக்டா வருது. டிரம்முல அதுக்கு மேலயே இருக்கும், பொய்யும் இல்லை,” என்றார் மெதுவாக.

உண்மையிலேயே பொய் இல்லாத மாதிரிதான் இருந்தது. வாய்க்காலுக்குப் போயிருக்கக்கூடிய விஷம் வண்டியில் ஏறியிருக்கிறது. நாற்பது அலுவலகங்களுக்கு என் பக்கம் போகும். பேனா காத்துக்கொண்டிருந்தது.  எங்கே போயிற்று என்று கேட்பதற்காகவே ஒரு பக்கத்தை உண்டாக்கி, முதல் தடவையே அதில் இல்லாத இடத்தை எழுதினால், பிறகு நாற்பது இடத்திலும் எனக்குக் கட்டைவிரல்தான் பதிலாக வரும்.

“எங்க வேலையில வந்தது நூத்தி இருபதுங்க,” என்றேன். “டிரம்முக்குத் தனி ரசீது போடுங்க. வேற இடத்துப் பழசுன்னு.”

சிவக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

4.00. அவருடைய ஷெட்டில் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கூட்டத்தில் பேசினேன். நூற்று இருபது ரசீதோடு போய்விட்டது, அறுபத்து நான்கு ஒரு கல்யாணத் தெருவில் எரியப்போகிறது, ஆகவே வேலை முடியவில்லை என்றேன். வாடிக்கையாளர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் ராகவன் சார் தனியாக அழைத்தார்.

“முடியலைன்னு நீயே சொல்லிட்டே.”

“ஆமா சார்.”

“சரிம்மா. பேசினபடி அந்தப் பக்கத்தை எடுத்துடறேன்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “பத்திரமா வந்து சேரு.”

6.10. சென்னைக்கு ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் நினைவு வந்தது. போன வருடம் அங்கேயும் ட்யூப்லைட்டுகளைக் கழற்றினோம். அவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். அவையும் நன்றாக எரிந்துகொண்டிருந்தவைதான்.

கைபேசியில் எழுதத் தொடங்கினேன். இந்த முறை கடைசிப் பக்கம் இல்லை, முதல் பக்கம். ஒரே கேள்வி: இருப்பதை இப்போதே கழற்றித்தான் ஆக வேண்டுமா, ஒவ்வொன்றையும் யார் சோதித்துப் பார்த்தார்கள்? எரிகிறவை இருக்கட்டும், அணைய அணைய மாற்றலாம் என்று கீழே ஒரு வரி. இரண்டு முறை படித்துவிட்டு சாருக்கு அனுப்பினேன். டிக் இரண்டும் நீலமாயின. டவுன் ஸ்டேஷன் வந்து போனது. ரயில் காவிரிப் பாலத்தில் ஏறி, இரும்புச் சத்தம் எழுந்தபோது பதில் வந்தது.

‘டெஸ்ட் பண்ண ஒரு ஆபீசுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லாம இதை யார்கிட்டயும் காட்ட முடியாது.’

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆரோக்கியசாமி போனை எடுத்ததும் நாதஸ்வரச் சத்தம் காதைப் பிளந்தது.

“நூத்தி எண்பத்துநாலும் போட்டுப் பார்க்க உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுங்க?”

“என்னங்க?”

மறுபடி கத்தினேன். ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“ஒன்றரை மணி நேரம். ஹோல்டர்ல மாட்டி எடுக்கறதுதானே. இடையில ஒரு டீயும் குடிச்சேன். எங்க இருக்கீங்க?”

“ரயில்ல. ஸ்ரீரங்கம் வரப்போகுது.”

“அப்ப வெளிய பாருங்க, இப்பதான் போட்டேன்.”

இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டடங்களுக்கு நடுவே அந்தத் தெரு ஒரு கணம் திறந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று வரிசை. அவசர அவசரமாக எண்ணினேன். நாற்பத்தொன்றில் ஒரு சுவர் வந்து மறைத்துவிட்டது. எரியாதது ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

‘ஒன்றரை மணி நேரம் சார், டீ உட்பட’ என்று அனுப்பினேன். நீல டிக்குக்காக அரியலூர் வரை திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.