மேட்டுத் தெருவில் நிறுத்திய கார்

எங்கள் தெருவின் சரித்திரம் எனக்கு அத்துப்படி. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே திரும்பினால் நான்கே வீடுகள் இருந்த காலத்தில் டிரவுசரோடு வந்து இறங்கியவன் நான். அன்று தெரு முழுக்கக் காலி மனை, என் தலையில் ஒன்றுகூட இல்லை. இன்று நேர்மாறு. புதிதாக யார் குடிவந்தாலும் பிடித்து நிறுத்தி, "நீங்க நிக்கற இடத்துல நான் விரால் மீன் புடிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்துவிடுவேன். பால் வாங்கிக்கொண்டு போகிறவர் பால் திரியும்வரை நிற்க வேண்டியதுதான்.

விரால் பொய்யில்லை. அன்று எங்கள் தெரு ஏரியை ஒட்டிய பள்ளம். ஐப்பசி மழை பிடித்ததும் அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய், மாதா சிலை வைத்த கெபி ஓரமாகச் சாத்திவிட்டு வருவார். எல்லா வீட்டுச் சைக்கிள்களும் அங்கேதான் நிற்கும். ஒரு வருடம் ஒரு தையல் மெஷின்கூட நின்றது.

போன கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, என் கார் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாழ்க்கையின் முதல் கார். டயரில் எலுமிச்சம்பழக் கறை இன்னும் போகவில்லை. செய்தியைக் கேட்டதும் வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் அப்போது ஒரு பொட்டு மேகம் இல்லை.

"போர்ட்டிகோவுல தண்ணி நிக்கும்னு பயமா இருந்தா, வெளிய தெருவுல நிறுத்துங்களேன்" என்றாள் மனைவி.

"தெருவுலயா? இந்தத் தெருவப் பத்தி எனக்குத் தெரியாதா?"

எதிர் வீட்டுப் பையன் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். செல்போனைக் காட்டினான். "அங்கிள், இதுல நம்ம தெருதான் ஹைட்டா காட்டுது."

"தம்பி, அந்த போனுக்கு இங்க எத்தன வருஷ சர்வீஸ்?"

அவன் தன் காரைத் தெருவிலேயே விட்டான். நான் மேட்டுத் தெருவுக்குப் போனேன். கெபி ஓரமாக நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். வெள்ளத்தில் கார் நீந்திப் போய்விட்டால்?

மறுநாள் காலையிலிருந்து கொட்டியது. மத்தியானம் குடையோடு கிளம்பினேன். எங்கள் தெரு துடைத்துவிட்ட தரை மாதிரி வெறும் ஈரம். மேட்டுத் தெரு திருப்பத்தில் கணுக்கால் நனைந்தது. கெபியை நெருங்கும்போது முழங்கால். என் கார் அரைச் சக்கரத் தண்ணீரில் நின்றது. என் வாயிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. எழுத்தே கிடையாது.

அங்கே குடியிருக்கும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வண்டிய இங்க வந்து வுட்டுகினு கீற? குளிப்பாட்டவா?"

"இது மேடாச்சே அண்ணா!"

"அது எந்தக் காலத்து மேடு! உங்க தெருவுல ரோட்டு மேல ரோடா போட்டு ஏத்திகினே போய்ட்டானுங்கோ. எங்களுக்கு ஒரு தபாகூட போடல. இப்போ உங்க தண்ணி மொத்தமும் எங்க வூட்டாண்டதான் வருது."

நான் சாவியை எடுத்தேன். "ஸ்டார்ட் பண்ணாத சார்! இஞ்சின் காலி!" என்று கத்தியபடி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று பேரைக் கூப்பிட்டுத் தள்ளினார். கார் அசையவில்லை.

"இன்னா வச்சிகீற அடியில?"

"செங்கல்..."

"எத்தினி?"

"எட்டு."

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை மழையில் காத்திருந்து, பிறகு நானே முங்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். கார் பிழைத்தது.

வீட்டு வாசலில்தான் கவனித்தேன். தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற அப்பா மூன்று படி கட்டியிருந்தார். நான் பல வருடங்களாகத் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன். இறங்கும்போதெல்லாம் வலிக்கிறதே என்று முழங்காலைத்தான் திட்டினேன்.

மார்கழியில் மறுபடி எச்சரிக்கை. மேட்டுத் தெரு ஆட்டோக்கள் எங்கள் தெருவுக்கு ஊர்வலமாக வந்தன. என் கேட்டுக்கு வெளியே நின்ற காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அந்த அண்ணனுக்கு இடம் விட்டேன். செங்கல் வைக்கவில்லை.

"அண்ணா, நீங்க நிக்கற இடத்துல நான் ஒரு காலத்துல..."

"விரால் புடிச்ச, அதான? நவுரு சார், வண்டிய வுடணும்."