அரை கிலோ ரவை

2005-ஆம் வருடம், ஐப்பசி மழை. மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டால் உப்பளப் பாத்திகள் எல்லாம் ஏரி மாதிரி நிரம்பிவிடும். தை பிறக்கும்வரை எங்களுக்கு வேலை கிடையாது. உப்பு வாரும் பெண்கள் நாலைந்து பேர், மத்தியானம் ஆனால் தெருக்கோடி வீட்டு அக்காவின் டிவி முன்னால் கூடிவிடுவோம்.

அப்போது என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் பேசமாட்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நாலு பேர் எதிரில் நான் திட்டாத நாள் இல்லை. அவள் மேல் இருந்த அக்கறையைவிட, ஊர் என்ன நினைக்குமோ என்ற கவலைதான் எனக்கு அதிகம்.

அன்று டிவியில் ஒரு படம் போட்டார்கள். பெயர்கூட ஞாபகமில்லை, ஆரம்பம் மட்டும் மறக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் சுவர் ஓரமாகவே நடக்கிறாள். தனியாகச் சாப்பிடுகிறாள். வீட்டு வாசலில் விருந்தாளிகளின் செருப்பைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போகிறாள். பத்து நிமிஷம் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று, மறுநாள் யாரிடமோ கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "எம் பொண்ணும் இப்படித்தான்க்கா. கடைக்கு அனுப்பினா, மொதல்ல தோட்டத்துல போயி சொல்லிப் பாத்துக்குவா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் மறைந்து நின்று கேட்டதை அவள் குரலிலேயே நடித்துக் காட்டினேன். "அண்ணா... அரை கிலோ ரவை குடுங்க. அண்ணா, அரை கிலோ..." அந்தத் தயக்கம், எச்சில் விழுங்குவது, எதையும் விடவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

சிரித்தபடியே திரும்பினால், வாசலில் அவள் நிற்கிறாள். மழை வலுத்துவிட்டதென்று எனக்குக் குடை கொண்டுவந்திருக்கிறாள். இத்தனை பேர் இருக்கும் வீட்டுக்கு அவளாக வந்தது அதுதான் முதல் தடவை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பிப் போனாள்.

பின்னாலேயே ஓடினேன். வீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. "நான் பேசினத நீ ஒளிஞ்சு நின்னு கேட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் கடைக்கு அனுப்பியபோது அவள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கடைக்காரரிடம் சீட்டை நீட்டுவதோடு சரி. தனக்குத்தானே அவள் கற்றுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சப் பேச்சையும் பிடுங்கிக்கொண்டது நான்தான்.

இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். நன்றாகவே பேசுகிறாள், அதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் செய்வதற்கு முன் நான் தோட்டத்துப் பக்கம் போய் நின்று, "அன்னைக்கு அம்மா பண்ணது தப்பும்மா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அவள் எடுத்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் வருகிறது. ஒரு வார்த்தையை வாய்வரை கொண்டுவர எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது, அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.