வலது கை நகங்கள்

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இடது கையில் நகம் ஆகாது. வலது கையில் வேண்டும். நைலான் தந்தியை விரலால் மீட்டுகிறவளுக்கு அந்த நகம்தான் குரல். பிள்ளை பிறந்ததும் நான் இரண்டு கைகளிலும் ஒட்ட வெட்டிவிட்டேன். குளிப்பாட்டும்போது அவன் கன்னத்தில் கீறிவிடுமோ என்று பயம்.

கல்லூரி முடித்ததிலிருந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் மற்றவர்களின் பாட்டுக்கு வாசித்தவள் நான். சில விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டிருக்கிறேன். சின்னப் படங்களில் எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை, கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். கலைஞர்களைக் கூப்பிடும் கோஆர்டினேட்டரிடம் பிரசவத்துக்காக ஒரு முறை, பிள்ளையின் காய்ச்சலுக்காக ஒரு முறை முடியாது என்று சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொன்னால் என் நம்பரை மறந்துவிடுவார். அதனால் அவர், "நாளைக்கு தி.நகர், நைலான் கிட்டார்மா, வந்துடுவியா?" என்றதும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் விரல்களைப் பார்த்தேன்.

நகம் உடைந்தால் எங்கள் ஆட்கள் பிங்பாங் பந்தை நக வடிவில் வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். மறுநாள் காலை நானும் அதைத்தான் செய்தேன்.

"அதோட கொழந்தையத் தொடாதே," என்று மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள ஆத்துக்கு வந்துடுவியோன்னோ? புட்டிப்பால் குடிக்காம படுத்தறான்."

வந்துவிடுவேன் என்றேன். லஸ் முனையைத் தாண்டும்வரை, ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இசையமைப்பாளர் என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். சரணத்துக்கு முன்னால் கிட்டார் வேகமாக ஓடும் இடம் ஒன்று வைத்திருந்தார். முதல் டேக் சரியாக வரவில்லை. இரண்டாவதில், ஓட்டத்தின் நடுவே 'டப்' என்று ஒரு சத்தம். மோதிர விரல் லேசானது. ஒட்ட வெட்டிய நகத்தில் பசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

சவுண்ட் இன்ஜினியர் உள்ளே வந்து கிட்டாரை வாங்கிக் குலுக்கினார். அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் நகம் கலகலத்தது.

"உள்ள இன்னா மேடம் கீது? புள்ளையோட கிலுகிலுப்பைய எடுத்துகினு வந்துட்டீங்களா?"

இசையமைப்பாளர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். "நகம் எங்க?"

"வெட்டிட்டேன் சார். கைக்குழந்தை இருக்கு."

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோஆர்டினேட்டர் ஃபோனைக் காதில் வைத்துவிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். இன்னொரு கிட்டார்காரர், கோடம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்துவிடுவார். அதற்கப்புறம் அந்த நாற்காலி அவருடையது.

மன்னிப்புக் கேட்கலாமா, பேசாமல் எழுந்துவிடலாமா என்று தடுமாறினேன். வாயில் வந்தது வேறு.

"சார், அது பாடகர் மூச்சு வாங்கற இடம். அங்க கிட்டார் ஓடினா நெரிசலா இருக்கு. அந்த ஓட்டத்தப் புல்லாங்குழலுக்குக் குடுத்துடலாம், வாசிக்கறவர் வெளியிலதான் இருக்கார். நான் வெறும் கட்டை விரலால தடிச்ச தந்திகள மட்டும் மீட்டறேன்."

"காலையிலேர்ந்து இத ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

திமிராகத் தொனித்துவிட்டதோ? அவர் பென்சிலை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன். புல்லாங்குழல்காரர் வந்து வாசித்தார். மைக்கை என் விரலுக்கு அருகே நகர்த்தி என்னையும் பதிவு செய்தார்கள். இசையமைப்பாளர் இரண்டு முறை கேட்டுவிட்டு, கோஆர்டினேட்டரிடம், "அவர வர வேணாம்னு சொல்லிடுங்க," என்றார்.

பிறகு என்னிடம், "அடுத்த வாரமும் ரெண்டு பாட்டு இருக்கு. அதுக்குள்ள நகம் வளந்துடும்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. பால் கட்டி மார்பு வலித்தது.

"வளர்க்க மாட்டேன் சார். அவன் கொஞ்சம் பெரிசாகட்டும். கிட்டார் வர்ற இடத்த என் விரலுக்குத் தகுந்த மாதிரி நானே எழுதிக் கொண்டுவரேன்."

அவர் கோஆர்டினேட்டரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பாட்டுக்கு எழுதிட்டு வாங்க. பிடிக்கலன்னா வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது பனகல் பார்க் நெரிசலில் ஆட்டோ நின்றது. மீதி இருந்த பிளாஸ்டிக் நகங்களைப் பல்லால் பிய்த்தேன். கொஞ்சம் தோலும் வந்தது. இசையமைப்பாளர் அனுப்பிய அடுத்த வாரப் பாட்டின் மெட்டு ஃபோனுக்கு வந்திருந்தது. காதில் வைத்துக் கேட்டேன். பல்லவி முடிகிற வரைக்கும் கிட்டாருக்கு ஓர் இடமும் தென்படவில்லை. நடுவில் மாமியாரின் அழைப்பு வந்து மெட்டை நிறுத்தியது. எடுத்தேன். பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

"வந்துண்டே இருக்கேம்மா," என்றேன். வைத்ததும் மெட்டை முதலிலிருந்து ஓட விட்டேன்.