பெண்ணம்மாவின் வலது முழங்கை

கடைசியாக அவர்கள் சேர்ந்து செய்த வேலை ரப்பர் ஷீட் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் குர்பானா பூசை முடிந்து வந்த பிறகு. தட்டில் உறைந்திருந்த ரப்பர் பாலைப் பெண்ணம்மா உருளைகளுக்கு நடுவே கொடுத்தாள். மகள் லிஜி கைப்பிடியைச் சுற்றினாள். மொத்தம் பதினெட்டு ஷீட்.

"மெதுவா சுத்து மோளே. நீ மெஷின ஓட்டுறியா, மெஷின் உன்ன ஓட்டுதா?"

"கை எப்படியிருக்கு அம்மச்சி?"

"என் கைக்கு ஒண்ணுமில்ல. உன் வாய்க்குத்தான் ஓய்வே இல்ல."

புதன்கிழமை காலை இருநூறு மரத்தில் பால் வெட்டி முடித்தவள், அடுத்த மரத்தடியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வயது அறுபத்தொன்று.

கொச்சியில் தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் லிஜிக்கு வேலை. ஒரு கிராம் பிசகினாலும் கண்டுபிடிப்பவள். அம்மாவின் கைவலியைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற எண்ணம் அடக்கத்தன்றே அவளைப் பிடித்துக்கொண்டது. போன வருடம் மழை விட்டதும் பெண்ணம்மா போனில் சொல்லியிருந்தாள்: "வலது கை சுள்ளுங்குது." லிஜி என்ன சொன்னாள்? "வெட்டு ஜாஸ்தியா இருக்கும், தைலம் போடு." இதய நோயின் முதல் அறிகுறி அதுதானோ?

அந்த வலிக்கு ஒரு கதை உண்டு. பெண்ணம்மாவிடம் இருந்தது இறந்துபோன கணவன் ஔசேப்பின் பால்வெட்டுக் கத்தி. தினமும் கல்லில் தீட்டினால் இரும்பு தேயும், கத்தி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தீட்டினாள். மழுங்கிய கத்தி மரப்பட்டையில் ஓடாது. இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு காலைக்கு முந்நூறு மரம். மார்கழியில் தேநீர்க் கெண்டியைத் தூக்கக் கை வரவில்லை. துணி பிழிந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டும் பார்கவி சும்மா விடவில்லை. "கத்திய மிச்சம் பிடிச்சு கைய செலவு பண்றவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி!"

"என் கை, என் கத்தி. உனக்கென்னடி?"

வாயில் அப்படிச் சொன்னாலும் மறுவாரமே பெண்ணம்மா தனியாக முண்டக்கயத்துக்குப் பஸ் ஏறிப் பிசியோதெரபிஸ்ட் ஷெமீமாவைப் பார்த்தாள். அதன்பின் வீட்டில் சில மாற்றங்கள். கத்தி தினமும் கல்லுக்குப் போனது. ஒல்லியான பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிப் பருமனாக்கினாள். முழங்கைக்குக் கீழே ஒரு இறுக்குப் பட்டை கட்டினாள். மாலையில் மேசை விளிம்பில் கையைக் கவிழ்த்து வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மெல்ல மெல்லத் தாழ்த்துவாள். மேலே தூக்க இடது கை உதவும். வாளியை உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினாள். குணமாக நாலு மாதம் ஆயிற்று.

ஏழாம் நாள் பிரார்த்தனை முடிந்த மறுநாள் லிஜி ஷெமீமாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அது இதயத்தோட வலியா இருந்திருக்குமா டாக்டர்? நான் கவனிக்காம விட்டுட்டேனா?"

ஷெமீமா லிஜியின் வலது முழங்கையின் வெளி எலும்பில் கட்டைவிரலை வைத்தாள். "உங்கம்மாவுக்கு இந்த இடத்துல அழுத்தினா வலிக்கும். எடுத்தா விட்டுடும். நடுவிரல நீட்டச் சொல்லி நான் அமுக்கினப்ப கத்திட்டாங்க. நாற்காலிய கவுத்த கையால தூக்க முடியல. படி ஏறினா வலிக்குதா, மூச்சு வாங்குதான்னு கேட்டேன். 'நான் மலை ஏறிப் பால் சுமக்கிறவ, என்னப் பார்த்தா இதக் கேக்குற?'ன்னாங்க."

லிஜிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் குரலேதான்.

"இருந்தாலும் வயசப் பார்த்து அன்னைக்கே எதிர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈசிஜி எடுக்கச் சொன்னேன். ஒரு குறையும் இல்ல. சீட்டு இதோ இருக்கு. இது முழங்கை வலிதான் லிஜி. இதயம் வேற கதை, அதுக்கப்புறம் வந்தது."

லிஜி சீட்டை வாங்கிப் பார்த்தாள். தேதி, அலைகள், மருத்துவரின் கையெழுத்து. இருமுறை சரிபார்த்தாள். எட்டு நாளாகத் தோளில் இருந்த பாறை இறங்கியது. அழுகை வந்தது, அழுதாள். அம்மாவை நினைத்து மட்டும் அழ முடிந்தது அன்றுதான் முதல்முறை.

கிளம்பும்போது ஷெமீமா நோட்டைப் புரட்டினாள். "ஒண்ணு கேக்கணும். சரளான்னு யாரு? மேல் தோட்டத்துல வெட்டுறவங்களாம், அவங்களுக்கும் இதே முழங்கை வலி. உங்கம்மா அவங்களுக்காக நேரம் எழுதி வாங்கினாங்க. 'தனியா விட்டா பாதி வழியில இறங்கிடுவா, நானே கூட்டிட்டு வர்றேன்'னாங்க. ரெண்டு பேரும் வரவே இல்ல."

"என்னைக்கு?"

"போன வியாழக்கிழமை, பத்து மணி."

அன்று பத்து மணிக்குத்தான் பெண்ணம்மாவின் சவப்பெட்டியைத் தேவாலயத்துக்கு எடுத்தார்கள்.