மேடையில் சும்மா உட்கார்ந்தால் போதுமாம்

"அண்ணனை ராஜினாமா பண்ண வச்சதே நீங்கதாங்கக்கா. இப்பப் பாருங்க, கட்சி நடுத்தெருவுல நிக்குது!"

முனியப்பன் இதை என் சமையலறை வாசலில் நின்று, என் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னான். தர்மபுரியில் புளி மண்டி வைத்திருப்பவன், எங்கள் தாலுகா கட்சிக்குச் செயலாளர். "தெருவில் நிற்பதற்கென்ன? இத்தனை வருஷம் என் கூடத்தில்தானே நின்றது" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தான். அது இரண்டாவது டம்ளர்.

கட்சித் தலைவருக்குப் பெண்டாட்டியாக இருப்பது ஒரு உத்தியோகம். அதற்குத் தேர்தலும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார். இரண்டாவது முறை இருமலோடு திரும்பினார். சேலத்து டாக்டர், அவருக்குப் புரியக்கூடாதென்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: மேடை, அலைச்சல் என்று இனியும் போனால் ஆள் தங்கமாட்டார். நான் அதை அப்படியே தமிழில் அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே விலகினார். தேர்தல் நெருங்குகிற நேரம். முனியப்பன் தலைவரானான்.

கட்சியின் சொத்து

புதுத் தலைவரின் முதல் வேலை, எங்கள் வீட்டிலிருந்து கட்சியை எடுத்துக்கொண்டு போவது. கைவண்டியோடு வந்தான். ஜமுக்காளத்தைச் சுருட்டினான். "அது என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது" என்றேன். கேஸ் லைட்டைத் தூக்கினான். "அது என் அண்ணன் கொடுத்தது. இந்த யுத்த காலத்தில் அதற்கு மேண்டில் வலை எங்கே கிடைக்கும்? வை கீழே." பெஞ்சு, பித்தளை அண்டா, கூட்டத்துக்கு அடிக்கிற மணி எல்லாமே அப்படித்தான். மணி எங்கள் மாட்டுக் கழுத்தில் இருந்தது.

"அப்படியென்றால் கட்சிக்கென்று என்னதான் இருக்கிறது?" என்று கேட்டேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "தீர்மானம் மட்டுந்தாங்கக்கா நம்முளுது" என்றான்.

கம்பைநல்லூரில் ஒரு பேச்சு

இத்தனை வருஷமாக எங்கள் கட்சியில் மேடையேறிப் பேசியவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கைதட்டத்தான் பழக்கம். ஆகையால் கம்பைநல்லூர்க் கூட்டத்தில் முனியப்பன் எழுந்தபோது, அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினான். அது என் வீட்டுக்காரர் பேச்சு. இடையிடையே வரும் இருமலைக்கூட விடவில்லை. "வேலூர் ஜெயிலில் நான் புழுத்த களியைத் தின்றபோது..." என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "கான்வென்டில் படித்த என் மனைவி, நாட்டுக்காகத் தன் சீமைப் பட்டுப் புடவைகளைத் தன் கையாலேயே தீயில் போட்டாள்" என்றான். நான் எங்கே போட்டேன்? நான் குளிக்கப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து கொண்டுபோய்ப் போட்டவர் அவர்.

முனியப்பன் மனைவி லட்சுமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள். கைதட்டல் ஓய்ந்ததும் என் காதருகே குனிந்தாள். "அக்கா, ஜெயிலுக்குப் போனதைத்தான் இவரு எங்கிட்ட மறைச்சாரு, போவட்டும். அந்தக் கான்வென்ட்டுக்காரி யாருங்க?"

வத்தல்மலைக்காரர்

மலையிலிருந்து ஒரு பெரியவர் சாமை மூட்டையோடு வந்தார். பட்டுப்போன மரத்தில் விறகு வெட்டினதற்கு, காட்டிலாகா கார்டு அவர் மகனை அடித்து, கொடுவாளையும் பிடுங்கிக்கொண்டானாம். முன்பென்றால் என் வீட்டுக்காரர் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு ரேஞ்சர் ஆபீசுக்குக் கிளம்பியிருப்பார். நான் பெரியவரை முனியப்பனின் மண்டிக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். கமிட்டியில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார்களாம்.

"எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு எடுத்துக்கொண்டார், பெரியவரே. டாக்டர் உத்தரவு" என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே. உள்ளே இருமல் கேட்டது. பெரியவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்படீங்களா அம்மா? எங்களை அடிக்கிற கார்டும் ஓய்வு எடுத்துக்கிட்டாருங்களா?"

என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு ஊர், ஒரு நாற்காலி

தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று சண்டை வந்தது. பென்னாகரத்தார் ஒருவரைச் சொன்னார்கள், தர்மபுரியார் முனியப்பனைச் சொன்னார்கள். "அண்ணன் மனசுல இருந்தது எங்க ஆளுதான்" என்று இரண்டு ஊராரும் சத்தியம் செய்தார்கள். அண்ணனோ கட்டிலில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பென்னாகரத்தில் கூட்டம் வைத்திருந்த அன்று, காதர் பாய் வந்தார். தோல் வியாபாரி, நிதானமான மனுஷர், கட்சியில் எனக்குப் பிடித்த ஒரே ஆள். அதனால்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணன் வாயே திறக்க வேணாம்மா. மேடையில சும்மா உக்காந்தாப் போதும். அவரு எதிர்ல ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்க மாட்டான்" என்றார். "அந்த நாற்காலியில் அவர் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "படம் வைக்கிற காலம் வரக்கூடாதுன்னுதான் நானும் துவா கேக்கிறேன். ஆனா இன்னிக்கு அவரு வரலைன்னா, நாளைக்குக் கட்சின்னு ஒண்ணு இருக்காதும்மா."

திரும்பிப் பார்த்தால், இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, சகோதரிகளே, ஒரு தலைவர் ஓய்வு பெறுவது என்றால், முன்பு பேசப் போனவர் இனிமேல் உட்காரப் போகிறார், அவ்வளவுதான்.

முனியப்பனும் கட்சிக்காரர்களும் இவரை ஏற்றிக்கொள்ள, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. ஜன்னல் வழியாக மப்ளரை உள்ளே வீசினேன். "முனியப்பா, ஜன்னல் படுதாவை இறக்கிவிடு, ஆடிக் காற்று அடிக்கிறது! அதை அவர் கழுத்தில் சுற்றிவிடப்பா!" என்றேன்.

உள்ளே எல்லோரும் தலைவர் வாழ்க என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.