பல் செட் கடையில் ஒரு விசிறிச் சக்கரம்

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நூல் மில்களுக்கு இயந்திரம் செய்யும் ஒரு பட்டறையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். பஞ்சுத் தூசியை உறிஞ்சும் விசிறிச் சக்கரத்துக்கு மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. "மரத்துலயே செதுக்கிருவோம்" என்றார் முதலாளி. கம்ப்யூட்டரில் வரைந்து பெங்களூருக்கு அனுப்பினால், அங்கே ஒரு மெஷின் பிளாஸ்டிக்கில் அடுக்கடுக்காகச் செய்து கொடுக்கும் என்று நான்தான் அடம் பிடித்தேன்.

மில்காரர்கள் பார்க்க வருகிற அன்று காலையில்தான் பார்சல் வந்தது. சக்கரத்தின் இதழ்களுக்கு அடியில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய முட்டுகள். செய்யும்போது இதழ் தொங்கிவிடாமல் இருக்க மெஷினே கொடுத்த முட்டு. அதை நாம்தான் எடுக்க வேண்டும். எனக்கா பொறுமை? முருங்கைக்கீரை உருவுகிற மாதிரி உருவினேன். மூன்றாவது முட்டோடு இதழும் கையோடு வந்துவிட்டது. நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். வேலை போனால்கூடப் போகட்டும், இனி அந்தப் பட்டறையில் என் பேச்சை எவன் கேட்பான்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் செட் செய்யும் பாய் ஒருவர் ஞாபகம் வந்தார். அப்பாவின் உடைந்த செட்டை ஒட்டின இடம் தெரியாமல் சரிசெய்து கொடுத்தவர். சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடையில் மகாராஜபுரத்து விவசாயி ஒருவர் தன் செட்டுக்காக உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தமாம். பாய் என் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செய்யலாம்மா. ஆனா இத எடுத்தா அண்ணாச்சி செட்டு இன்னைக்கு முடியாதே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் என்னையே பார்த்தார்.

"தாயி முகமே வாடிப் போச்சு. அத மொதல்ல பாருங்க பாய். நான் தட்டு மாத்தத்தான போறேன், முறுக்கா கடிக்கப் போறேன்?"

வேண்டாம் ஐயா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பாய் மீதி முட்டுகளை இழுக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் நடுவில் நறுக்கி, மிச்சக் கட்டையைப் பல் ராவுகிற சின்ன மோட்டாரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். உடைந்த இதழைச் செட் பசையால் ஒட்டினார். மதியம் கழிந்துவிட்டது. நாலு மணிக்குச் சக்கரம் பட்டறை மேஜையில் இருந்தது. ஒரு இதழ் ஒட்டினது என்று நானே சொன்ன பிறகும் எது என்று யாருக்கும் தெரியவில்லை. மில்காரர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

மறுவாரம் நன்றி சொல்லப் போனபோது பாய் மீதியைச் சொன்னார். நிச்சயத்தில் அந்த மனிதர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பெண்ணின் அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். மனிதர் எழுந்து, பொக்கை வாயைச் சபைக்கே திறந்து காட்டிச் சிரித்தாராம். செட் எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு பிள்ளைக்கு அவசரம்" என்று மட்டும் சொன்னாராம்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் அந்தப் பட்டறையில் என் பேச்சு எடுபட்டது, முன்பின் தெரியாத ஒருவர் தன் மகளின் நிச்சயத்தில் பல்லில்லாமல் நின்றதால்தான் என்பதை இன்று வரை நான் மறக்கவில்லை.