பதில் வரும்வரை அசையாதே

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தலையில் தட்டேந்தி வறுகடலை விற்றே காஜா பெராங்கில் சொந்த வீடு கட்டினேன். யாரிடம் எப்படிக் கேட்டால் காசெடுக்கக் கை மடிக்குள் போகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு மலாக்காவில் எந்தப் படித்தவனுக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போனவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எங்கள் சங்கம் தினம் ஒரு வேளை கஞ்சி ஊற்றியது. ஒருநாள் அரிசி தீர்ந்துபோனது. மரவள்ளியும் இல்லை. முந்தின வாரம்தான் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தோம். கமிட்டிக்காரர்களுக்கோ வாய் திறந்து கேட்க வெட்கம். செயலாளராக இருந்த, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியார் கடையேறி, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று தொடங்குவார். முதலாளி வாயெடுக்குமுன், "முடியலன்னா பரவால்ல" என்று தானே முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

எல்லாரையும் சங்கக் கொட்டகையில் நிறுத்திப் பாடம் நடத்தினேன். கஞ்ச முதலாளி வேடம் எனக்கு. கேட்டதும் வாயை மூடு, அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே, பதில் வரும்வரை அசையாதே. கிராணியார் தலை கவிழ்ந்தபோதெல்லாம் கன்னத்தில் அறைந்தேன். ஒப்புக்கு அல்ல, உண்மையாகவே. ஐந்தாவது அறைக்குப் பிறகு அவர் தலை கவிழவில்லை.

மறுநாள் காலை நானும் கிராணியாரும் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் போனோம். முதலாளியிடம் பதுக்கிய அரிசி உண்டென்று எங்களுக்குத் தெரியும். கொடுத்தால் அது வெளியே தெரிந்து தலை போகும் என்று அவருக்கும் தெரியும்.

"முதலாளி, இன்னிக்கு அறுவது பிள்ளைங்களுக்குக் கஞ்சி இல்ல. ரெண்டு மூட்ட அரிசி குடுங்க."

கேட்டு முடித்ததும் கிராணியார் வாயை மூடிக்கொண்டு முதலாளியையே பார்த்தார்.

அந்நேரம் ஒரு ஜப்பான் சிப்பாய் வாசலுக்கு வந்தான். அவர்கள் போட்ட சட்டப்படி நானும் முதலாளியும் இடுப்பளவு குனிந்தோம். தெருவுக்கு முதுகு காட்டி நின்ற கிராணியார் குனியவில்லை. பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கத்தான் முதலாளி குனிகிறார் என்று நினைத்தாராம்.

துப்பாக்கிக் கட்டை அவர் காதில் இறங்கியது. விழுந்தவரின் வாயில் பூட்ஸ் காலால் மிதித்தான். இரண்டு பல் மிளகாய்ச் சாக்கருகே தெறித்தன. விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். நான் குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் அடுத்தது நான்.

அவன் போனதும் கிராணியார் தராசு மேசையைப் பிடித்து எழுந்தார். சட்டையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. அதே இடத்தில் நின்று முதலாளியைப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். உதறினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்யா," என்றார் முதலாளி.

கிராணியார் அசையவில்லை.

முதலாளி தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பின்சந்துக்கு வண்டியக் கொண்டாங்க. மேல வைக்கோலப் போட்டு மூடுங்க."

அன்று மத்தியானம் கஞ்சி கொதித்தது. கிராணியாருக்கு இடது காது அதன்பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த பாடத்தில் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: தெரு கண்ணில் படுகிற மாதிரி நில். கிராணியார் அந்தப் பாடத்துக்கு வரவில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு கடைக்குத் தனியாகக் கேட்கப் போயிருந்தார்.